நாண்டக்கெட் பக்கம் போறப்போ

அன்பு பாப்பாவுக்கு,

நேத்து நீ போன வச்சதுக்கப்புறம் அப்பாவுக்கு தூக்கமே வரல. ராட்டர்டாம்ல இருந்து நியூயார்க் போறோம்ப்பா, அந்தப் பக்கம் எனக்கு முதல் தடவைனு நீ சாதாரணமா சொல்லிட்ட, நான் படுத்த இடத்துலயே மனசுக்குள்ள சார்ட் விரிச்சு ரூட் போட ஆரம்பிச்சுட்டேன். அட்லாண்டிக்க தாண்டினா அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம் இருக்குற நாண்டக்கெட் தீவுக்கு தெக்க தான் நீங்க நியூயார்க் போற கப்பல் பாதைக்குள்ள வருவீங்க. அங்க சுமார் 200 அடி ஆழத்துல ஒரு விளக்குக் கப்பல், அதான் லைட்ஷிப், முழுகிக் கிடக்கு. அதப் பத்தி உனக்கு நான் எப்பவோ சொல்லிருக்கணும், சொல்லாமலே விட்டுட்டேன்.

லைட்ஷிப்னா நீ படிச்சிருப்ப, ஆனா உங்க காலத்துல அதுல ஆள் இருந்து பாத்திருக்க மாட்ட. கலங்கரை விளக்கம் கட்ட முடியாத எடத்துல, அதாவது அடியில மணல் நகந்துகிட்டே இருக்கும், தண்ணி ஆழம், அஸ்திவாரம் நிக்காது, அந்த மாதிரி எடத்துல ஒரு கப்பலயே கொண்டுபோய் நங்கூரம் போட்டு மேல விளக்க ஏத்தி வச்சுட்டாங்க. 1730கள்லயே இங்கிலாந்துல தேம்ஸ் முகத்துல நோர்ங்கிற மணல்திட்டு கிட்ட இத ஆரம்பிச்சாச்சு. நங்கூரம் கூட நம்ம வழக்கமான நங்கூரம் இல்ல, கவுத்து வச்ச காளான் மாதிரி இருக்கும், மணல்ல புதைஞ்சு புதைஞ்சு இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும். மத்த கப்பல் எல்லாம் புயல் வந்தா ஓடும் பாப்பா, இது ஓடக் கூடாது. அதான் அதோட வேலையே.

நாண்டக்கெட்ல 1854ல முதல் லைட்ஷிப்ப நிறுத்தினாங்க. தீவுல இருந்து பாத்தா தெரியாத தூரம், சுத்தி மணல்மேடு, கல்ஃப் ஸ்ட்ரீம் சூடும் வடக்க இருந்து வர்ற குளிர் தண்ணியும் அந்தப் பக்கம் சந்திக்கறதால பனி மூடினா நாள் கணக்குல விலகாது. பனியில விளக்கால என்ன பிரயோஜனம், அதனால மணி அடிச்சாங்க, அப்புறம் ஹார்ன். அதுல இருந்தவங்க மாசக்கணக்கா அதே எடத்துல ஆடிக்கிட்டே இருக்கணும். அந்தக் காலத்துல பொழுது போகாம பிரம்பு பின்னி கூடை செஞ்சிருக்காங்க, நாண்டக்கெட் லைட்ஷிப் கூடைனு இன்னிக்கும் அதுக்கு பேர் இருக்கு. அந்தக் கூடை போட்டோவ பாக்குறப்போ எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணும், எவ்ளோ நேரம் இருந்திருந்தா அவ்ளோ நெருக்கமா பின்னிருப்பாங்க.

அப்புறம் தான் எங்க ஆளுங்க, ரேடியோக்காரங்க, கதைக்குள்ள வர்றோம். 1899ல இங்கிலாந்து கரையில ஈஸ்ட் குட்வின் லைட்ஷிப்ல மார்க்கோனியோட வயர்லெஸ் செட் வச்சிருந்தாங்க, அந்த வருஷம் ஏப்ரல்ல இன்னொரு கப்பல் வந்து அதையே இடிச்சப்போ எங்களுக்கு உதவி வேணும்னு வயர்லெஸ்ல கரைக்கு சொன்னாங்க. நான் ரேடியோ ரூம்ல உக்காந்த நாள்ல எல்லாம் இத நெனச்சு பெருமைப்பட்டிருக்கேன். அதுக்கப்புறம் லைட்ஷிப்ல ரேடியோ பீக்கன் வச்சாங்க, நான் இங்க இருக்கேன்னு ரேடியோ சிக்னல் அனுப்புற கருவி. தூரத்துல வர்ற கப்பல்ல என்ன மாதிரி ஒருத்தன் டி.எஃப் செட், அதாவது சிக்னல் வர்ற திசைய கண்டுபிடிக்கிற கருவி, அது முன்னாடி உக்காந்து லூப் ஆன்டெனாவ திருப்புவான், சத்தம் குறைஞ்சு அடங்குற எடத்துல பேரிங், அதான் அந்த பீக்கன் எந்தத் திசையில இருக்குனு, கிடைச்சுடும். கேப்டனுக்கு ரொம்ப சௌகரியம், பேரிங்க மூக்குக்கு நேரா வச்சுகிட்டு வந்தா போதும், கிட்ட வந்ததும் விலகிக்கலாம். ஆனா பேரிங் திசைய தான் சொல்லும் பாப்பா, தூரத்த சொல்லாது.

1934 ஜனவரியில வாஷிங்டன்ங்கிற கப்பல் நாண்டக்கெட் லைட்ஷிப்ப பக்கவாட்டுல உரசிட்டு போச்சு. அந்த லைட்ஷிப்போட நம்பர் எல்.வி. 117, 1930ல கட்டினது, புதுசு தான். உரசினதோட போச்சேனு இருந்திருப்பாங்க. நாலு மாசம் கழிச்சு மே 15, கெட்டிப் பனி, காலைல பதினோரு மணி வாக்குல, யோசிச்சுப் பாரு, நீ பிரிட்ஜ்ல டியூட்டி நிக்கிற எட்டு டு பன்னெண்டு வாட்ச் நேரம், ஒலிம்பிக் வந்துச்சு. டைட்டானிக்கோட அக்கா கப்பல், 46,000 டன்னுக்கு மேல. லைட்ஷிப் வெறும் 630 டன். அந்த பீக்கன பிடிச்சுகிட்டு தான் வந்தாங்க, வேகம் கூட குறைச்சிருந்தாங்க, பனிக்குள்ள செவப்பு பெயின்ட் கண்ணுக்கு தெரிஞ்சப்போ ஒண்ணும் பண்ண முடியல, நடுவுல ஏறிடுச்சு. பதினோரு பேர்ல ஏழு பேர் போயிட்டாங்க. நகரவும் முடியாது அவங்களால, நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல், வர்ற சத்தத்த கேட்டுகிட்டே நிக்க வேண்டியது தான்.

யாருக்கு வழி காட்ட சிக்னல் அனுப்புனாங்களோ அவங்களே அந்த சிக்னல் மேலயே வந்து ஏறுனாங்க, இத நான் எத்தனை வருஷம் நெனச்சாலும் ஆறல.

எனக்கே ஒரு தடவை நடந்திருக்கு. எந்தக் கப்பல்னு வேண்டாம். பனியில ஒரு பீக்கனுக்கு ஒரு மணி நேரமா பேரிங் எடுத்து குடுத்துகிட்டு இருந்தேன், மாறவே இல்ல, ஒரே நம்பர், எவ்ளோ கரெக்டா வர்றோம்னு எனக்கு சந்தோஷம் வேற. கேப்டன் உள்ள வந்து பேப்பர பாத்தாரு, மூஞ்சி மாறிடுச்சு, பேரிங் மாறலன்னா நாம அது மேல போறோம்டானு சொல்லிட்டு அப்பவே கோர்ஸ திருப்பினாரு. கொஞ்ச நேரத்துல போர்ட் சைடுல ஹார்ன் சத்தம் கேட்டுச்சு, அவ்ளோ கிட்ட. அன்னிக்கு என் கை நடுங்கினது உங்கம்மாவுக்கு கூட நான் சொன்னதில்ல.

ஒலிம்பிக் விஷயத்துக்கு ஈடா பிரிட்டிஷ் அரசாங்கம் காசு குடுத்து 1936ல எல்.வி. 112 வந்துச்சு, இடிச்சாலும் தாங்கணும்னு தண்ணி புகாத அறைகள் நெறைய வச்சு கட்டினாங்க, 1975 வரைக்கும் வேலை பாத்துச்சு. இப்போ பாஸ்டன்ல மியூசியமா நிக்குது. அந்த எடத்துல 1983ல பெரிய பாய் (buoy), அதாவது மிதவை, ஒண்ண போட்டுட்டு ஆளுங்க இருந்த கப்பல எடுத்துட்டாங்க.

உங்க கிட்ட இப்போ ஜி.பி.எஸ், எக்டிஸ்ங்கிற கம்ப்யூட்டர் சார்ட், மத்த கப்பல் எங்க இருக்குனு காட்டுற ஏ.ஐ.எஸ் எல்லாம் இருக்கு, அப்பா பழைய ஆளு, தெரியும். ஆனா அன்னிக்கு பீக்கன் வந்தப்பவும் இனி கவலையில்லனு தான் நெனச்சாங்க. இப்போ எல்லாரும் ஒரே மிதவை மேல வேபாயிண்ட், அதான் ரூட்ல குறிக்கிற புள்ளி, வச்சா எல்லா கப்பலும் மீட்டர் பிசகாம அந்த ஒரே புள்ளிக்கு தானே வரும். நீ பேசேஜ் பிளான், அதாவது பயண ரூட், போடுறப்போ மிதவை மேலயே புள்ளி வைக்காத, நல்லா தள்ளி வை. உனக்கு மேல இருக்குற செகண்ட் மேட் போட்டு வச்சதா இருந்தாலும் கேளு, சின்னப் பொண்ணுனு நெனப்பாங்களேனு வாய மூடிட்டு இருக்காத. பனியில இன்னொரு கப்பலோட பேரிங் மாறலன்னா கேப்டன எழுப்பு, திட்டினா திட்டட்டும்.

நாண்டக்கெட்ட தாண்டுற அன்னிக்கு சிக்னல் கிடைச்சதும் ஒரு வரி அனுப்பு, பனி இருந்துச்சா இல்லையானு மட்டும் சொல்லு போதும். அம்மா கிட்ட இதெல்லாம் நான் சொல்லல, நீயும் சொல்லாத.

அப்பா