திருநகரிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் போன் பூட்டிக்கொண்டது, திறக்கிற எண் எனக்கு மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். நீ எப்போதும் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவாய். இந்த 26 நாளும் நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்து, அப்பா வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். கூப்பிடாமல் இருந்திருந்தாலும் சரி, அதை நான் கேட்கவில்லை.

போன் அடியோடு செத்துவிடவில்லை. சாதாரண அழைப்பு வருகிறது, எடுத்துப் பேசவும் முடிகிறது. பெயர்தான் வருவதில்லை, வெறும் எண்தான் தெரிகிறது. அணைந்து எழுந்த போனை ஒரு தடவையாவது எண் போட்டுத் திறந்தால்தான் உள்ளே இருப்பது அதற்கே தெரியுமாம். நாம் சேர்த்துவைத்த பெயர்கள்கூட அதுவரை வெளியே வராதாம். அதனால் யார் கூப்பிட்டாலும் "யாருங்க" என்று கேட்கிறேன். போன வாரம் அக்காவிடமும் அப்படிக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "நான்தான்ப்பா" என்றாள். அவள் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது.

நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எண்ணை மாற்றினேன். எந்த ஞாயிறு என்று உனக்கே தெரியும். மறுநாள், அதற்கு மறுநாள் எல்லாம் விரல் வைத்தே திறந்தேன், புது எண்ணைத் தொடவே இல்லை. புதன்கிழமை ராத்திரி விரலை வைத்தால் எண்ணைக் கேட்கிறது. ரேகை எவ்வளவு சரியாக இருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணைக் கேட்டே தீருமாம். எனக்கு அது ஒரு நாளும் தெரியாது, ஏனென்றால் பழைய எண் கை போன போக்கில் வந்துவிடும். புது எண் வரவில்லை. ஐந்து தடவை தப்பாகப் போட்டதும் 30 நொடி காத்திரு என்றது. போகப்போக அந்த நேரம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாம் நாள் சார்ஜ் இறங்கி அணைந்தும் போய்விட்டது.

மாசி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். பவர் பட்டனையும் சத்தம் கூட்டுகிற பட்டனையும் சேர்த்து அமுக்கினால் வேறு ஒரு திரை வரும், அதில் ரீசெட் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் போன் புதுசு மாதிரி ஆகிவிடும், ஆனால் உள்ளே இருக்கிற எல்லாம் போய்விடும் என்றான். "பரவாயில்லையா ஐயா?" என்று கேட்டான். நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்படி அழித்தாலும் உடனே நம் கைக்கு வந்துவிடாதாம். அதில் முன்பு இருந்த ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் உள்ளே விடுமாம். திருடுகிறவன் துடைத்துவிட்டு விற்கக் கூடாது என்பதற்காக 2015 வாக்கில் வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஜிமெயிலை நீதான் போட்டுக் கொடுத்தாய், பாஸ்வேர்டு என்னிடம் இல்லை. செட் பண்ணிக் கொடுத்த அன்றே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவசரம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாய். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அந்தப் பையன் போட்டுப் பார்த்தான். ஓடிபி உன் நம்பருக்குப் போகிறது. அதாவது இந்த மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் உன் போனுக்கு என் கணக்கின் பேரில் ஓர் எண் வந்திருக்க வேண்டும். "என்னப்பா இது" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.

சரி. வேலை இருந்திருக்கும்.

அம்மா தன் பட்டன் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாயாம். அவளிடம் அப்படிச் செய்யாதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் எதுவும் சொல்லவில்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு. உன் எண்களையும் எங்காவது எழுதி வை, போன் எண், பேங்க் எண் எல்லாம். நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு காகிதம் இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொருவன் 2000 ரூபாய் கொடுத்தால் ஒன்றும் அழியாமல் திறந்து தருகிறேன் என்றான். கொடுக்கலாம் என்றுதான் போனேன். மாசி வீதிப் பையன்தான் தடுத்தான். இப்போது வருகிற போன்களில் உள்ளே இருப்பதையெல்லாம் அந்த எண்ணோடு சேர்த்துக் கலைத்துத்தான் வைத்திருக்குமாம், எண் இல்லாமல் யார் எடுத்தாலும் குப்பைதான் வருமாம். பழைய காலத்துப் போனில், அந்த 2014-க்கு முந்தினதில், ஜிமெயிலைப் போட்டே பூட்டைத் திறக்க வழி இருந்ததாம். அக்கா மாப்பிள்ளை வைத்திருக்கிற ஐபோனில் எண்ணை மாற்றி 72 மணி நேரத்துக்குள் என்றால் பழைய எண்ணைப் போட்டே சரிசெய்துவிடலாமாம். அந்தப் பையன் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் பழைய எண் உன் பிறந்த நாள். நாள், மாதம், வருஷம், ஆறு இலக்கம். என் போனில் அந்த வசதி கிடையாது.

தினமும் காலையில் காபி குடித்ததும் போனை எடுத்து உட்காருகிறேன். போட்ட எண்களையெல்லாம் டைரியில் எழுதிவைக்கிறேன், திரும்பப் போட்டுவிடக் கூடாதே என்று. ஆறு இலக்கம் என்பது மட்டும் நிச்சயம். கோபத்தில் என் கை பின்கோடுக்குத்தான் போயிருக்கும். 38 வருஷம் ரயில்வே தபால் ஆபீசில், ஆர்.எம்.எஸ்.ஸில், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஊர் ஊராகத் தபால் பிரித்த கை அது. 627756 சங்கரன்கோவில். 626123 சிவகாசி. 623526 ராமேஸ்வரம். 630001 காரைக்குடி. எல்லாம் போட்டாயிற்று. 411-ல் தொடங்குகிற உன் புனே பின்கோடையும் போட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா, சின்ன வயசில் நீ ஊர்ப் பேரைச் சொல்வாய், நான் எண்ணைச் சொல்வேன், நீ புத்தகத்தைப் பார்த்துச் சரி என்று கை தட்டுவாய். முதல் மூன்று எண்ணைப் பார்த்ததும் கட்டு எந்தப் பைக்குப் போக வேண்டும் என்று கை தானாக நீளும், கடைசி மூன்று எந்த ஆபீஸ் என்று சொல்லிவிடும். 1972-ல் இதைக் கொண்டுவந்த வேலங்கர் மகாராஷ்டிரக்காரர்தான். அந்தப் பக்கத்து மனிதர் போட்ட கணக்கில்தான் நம் வீட்டில் உலை கொதித்தது. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் வேண்டுமானால் சொல்லு.

நீ டீம் லீடர் ஆனபோது கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கேடயத்தை அம்மா ஷோகேசில் நடுவில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். நானும் காட்டுகிறேன்.

இப்போது எழுதப்போவதைத்தான் நான்கு நாளாக எழுத முடியாமல் இருந்தேன்.

போன திங்கட்கிழமை அம்மா என்னை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகப் பேர் பதிந்துவிட்டு வந்தாள். தாத்தா கடைசி இரண்டு வருஷம் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். என்னையே பார்த்து "தம்பி யாரு" என்று கேட்டவர். நான் எண்ணை மறந்ததும், அக்காவிடம் யாருங்க என்றதும், காலையில் உட்கார்ந்து எண் எண்ணாக எழுதுவதும் சேர்ந்து, எனக்கும் அது வந்துவிட்டது என்று அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அழுகிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் ஒரு தடவை அமுக்கின எண் மறந்துபோவதும் அந்த வியாதியும் ஒன்றில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைத் தேற்றாமல் இருக்கிறேன். தேற்ற வேண்டுமென்றால் எண்ணை ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அம்மா என் போனைத் திறந்துதான் பேரன் வீடியோவெல்லாம் பார்ப்பாள். உன் பிறந்த நாளைப் போட்டுத் திறப்பாள். நீ அனுப்பிய படத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று மாற்றினேன். அவள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்பட்டு உன் பக்கம் போய்விடுவாள், நான் தனியாக நின்றுவிடுவேன் என்றுதான் மாற்றினேன். உனக்கு வயசு 31. உன் அம்மாவிடம் சொல்லும் முன்னால் என்னிடம் சொன்னாய். அதை நான் மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பதில் போடாமல், போனில் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். அதை இங்கே திரும்ப எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. படத்தை அழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை, பூட்டி வைத்தேன். ரீசெட் கொடுக்க அந்தப் பையன் கேட்டபோது போனைத் திரும்ப வாங்கிக்கொண்டது அந்தப் படத்துக்காகத்தான்.

அரை நிமிஷம்தான் பார்த்திருப்பேன். சிங்ககட் கோட்டை மதில் என்று எழுதியிருந்தாய். நீ அந்த நீலச் சட்டை போட்டிருந்தாய், பொங்கலுக்கு அம்மா எடுத்துக் கொடுத்தது. கையில் சின்ன மண்சட்டியில் தயிர். காற்றில் அந்தப் பிள்ளையின் துப்பட்டா உன் தோளில் விழுந்திருந்தது. அது கேமராவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் இருக்கிறது. முகம் மட்டும் வரவில்லை தம்பி. எண்ணை நினைவுக்குக் கொண்டுவருகிற மாதிரி தினமும் முயன்று பார்க்கிறேன், வரவில்லை.

வாட்ஸ்அப் எல்லாம் கூகுளில் தனியாகச் சேமித்து வைக்கிற மாதிரி நீ செட் பண்ணியிருந்தால், அதே நம்பரில் அதே ஜிமெயிலில் திரும்ப வந்துவிடும் என்று அந்தப் பையன் சொல்கிறான். பண்ணினாயா? பண்ணியிருந்தால் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதி உறைக்குள் வைத்து அனுப்பு, கார்டில் எழுதாதே, வழியில் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியும். அதைப் போட்டு உள்ளே போனதும் நானே வேறு மாற்றிக்கொள்கிறேன். பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, பழைய படங்கள் அக்காவிடம் பாதி இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அனுப்பு. போஸ்ட் கார்டு அளவு போதும். மடிக்காதே, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டு, மேலே மடிக்கக் கூடாது என்று எழுது. இப்போது ரிஜிஸ்டர் தபால் தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்டிலேயே போடு. பேர் என் பேர் போட வேண்டாம், அம்மா பேருக்குப் போடு. அவள் கையால் பிரிக்கட்டும். நான் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன், இன்றைக்குச் சாயங்காலமே. டாக்டரிடமும் போகிறேன், பேர் பதிந்தது பதிந்ததுதான், அவள் மனசுக்காகவும் எனக்காகவும்.

அந்தப் பிள்ளை நம் வீட்டுக் காரம் சாப்பிடுமா என்று எழுது. அம்மா கட்டாயம் கேட்பாள்.

மூன்று மணிக்குத் தபால் கட்டு போய்விடும், நான் கிளம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பின்கோடு 625006, எண் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் தெளிவாகப் போடு.

அன்புடன்,
அப்பா