டான்யூப் சைக்கிள் பயணம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

நண்பர்களே, டான்யூப் ஆற்றங்கரையோடு ஜெர்மனியின் பஸ்ஸாவ் முதல் ஆஸ்திரியாவின் வியன்னா வரை சுமார் 320 கி.மீ. கூட வழிகாட்டி யாரும் கிடையாது, ‘ஆர்1’ அல்லது ‘யூரோவெலோ 6’ என்ற சைக்கிள் பாதைப் பலகையைப் பார்த்துக்கொண்டே போகணும்.

வாடகை சைக்கிளைக் கையில் வாங்கியதும் பெடலைப் பின்னால் மிதித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதுதான் பின் பிரேக். தெரியாமல் பழக்கதோஷத்தில் பின்னால் மிதித்தால் சக்கரம் சட்டென்று நின்று வழுக்கும். சீட் உயரம், டியூப் வால்வுக்குப் பொருந்தும் பம்ப், இரண்டையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் பெரிய பெட்டி தனியாக வேனில் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடும். காலையில் சொன்ன நேரத்துக்குள் ரிசப்ஷனில் வைக்கணும். மழைக்கோட்டு, மருந்து, பாஸ்போர்ட் மட்டும் உங்களோடு இருக்கட்டும்.

ஆறு வளைந்து திரும்பும் ஷ்லோகன் வளைவில் கவனம்: வடகரைப் பாதை ‘ஔ’ என்ற இடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து கிராஃபெனாவ் என்ற இடம் வரை படகுதான். மாலையில் படகு நின்றுவிடும். தாமதமானால் முன்கூட்டியே தென்கரைக்கு மாறிவிடுங்கள், அங்கே பாதை அறுபடாது. படகுக்குச் சில்லறை யூரோ அவசியம்.

கிரைன் ஊரைத் தாண்டியும் தென்கரைதான் நல்லது, வண்டி நடமாட்டம் குறைவு. மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் ஊர் வரை 35 கி.மீ.தான், ஆனால் இடையில் வரும் வாஹாவ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு முழுநாள் கொடுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுச் சாமான் சனிக்கிழமையே வாங்கிவிடணும்.