கண்ணகி நகரும் நீலாங்கரையும் ஒரே கணக்கா?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். மூன்றாவது முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வேலை நடக்கும் நேரத்தில் ஒரு கோரிக்கை. மக்கள் அடர்த்தியை மாநகராட்சி மண்டலச் சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

2011 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறக்குறைய 46.5 லட்சம், சதுர கிலோமீட்டருக்கு 26,500 பேருக்கு மேல். அதே ஆண்டு மாநகராட்சி எல்லை 174 ச.கி.மீ.யிலிருந்து 426 ஆனது. சேர்ந்த ஊர்களோடு சுமார் 67 லட்சம் பேர். வகுத்தால் 15,700 சொச்சம். சௌகார்பேட்டையில் ஒரு குடும்பம்கூட வீட்டைக் காலி செய்யவில்லை. காகிதத்தில் மட்டும் ஊர் காற்றோட்டமாகிவிட்டது!

மண்டலங்களை ஒப்பிட்டாலும் இதே கூத்துதான். அடையாறு மண்டலப் பரப்பில் 2.7 ச.கி.மீ. கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், ஆளுநர் மாளிகை எல்லாம் அடக்கம். புள்ளிமான்கள் மேயும் இடத்தையும் சேர்த்து வகுத்து, அதே மண்டலத்திலிருக்கும் வேளச்சேரிக்காரனுக்கு இடம் தாராளம் என்றால் எப்படி? பெருங்குடி மண்டலக் கணக்கில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இப்படித்தான் சேர்கிறது.

சோழிங்கநல்லூர்தான் இதில் மோசம். நீலாங்கரையின் தோட்டம் வைத்த பங்களாக்களும் கண்ணகி நகரும் அங்கே ஒரே மண்டலம். 2000-க்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் கண்ணகி நகரில் இருக்கிறார்கள். சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே அறைக்குள். ஈரத்துணி மாடிப்படிக் கைப்பிடியில் காய்கிறது, தண்ணீர்க் குடங்கள் வாசலை அடைத்து நிற்கின்றன. மண்டலச் சராசரி இவர்களையும் சொல்லாது, பங்களாவையும் சொல்லாது. ஆனால் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எத்தனை வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்தால், இழப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று: கணக்கெடுப்பு எண்ணுவது குடியிருப்பவர்களை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் பகலில் நெரிபடும் கூட்டம் அதில் வராது. கழிப்பறையும் நடைபாதையும் அந்தக் கூட்டத்துக்கும்தானே வேண்டும்?

2027 கணக்கெடுப்பின் விவரங்கள் வந்ததும் 200 வார்டுகளுக்கும் தனித்தனியே இரண்டு எண்கள் கொடுங்கள்: மொத்தப் பரப்புக்கு எத்தனை பேர், குடியிருப்பு நிலத்துக்கு மட்டும் எத்தனை பேர். முடிந்தால் ஆளுக்கு எத்தனை சதுர அடி வீடு என்பதும். தயவுசெய்து எக்செல் கோப்பாக வெளியிடுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பை வைத்துக்கொண்டு எங்களால் கூட்டிக் கழிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
வேளச்சேரிவாசி ஒருவர்