கால் வலிக்கிறது என்றால் எந்த வலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் கால் வலிக்கிறது என்று சொன்னால், "வயசாச்சுல்ல, கால்சியம் மாத்திரை போட்டுக்கோங்க" என்று அனுப்பிவைப்பது வழக்கமாகிவிட்டது. மார்பில் வந்த நோய்க்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் உள்ளவர்களும் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு. எந்த மருந்தால் வந்த வலி என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே வலி மாத்திரையைக் கொடுப்பதால்தான் பலருக்கு நிவாரணம் கிடைப்பதில்லை.

முதலில் கீமோவில் வரும் நரம்புப் பாதிப்பு. பாக்ளிடாக்செல், டோசிடாக்செல் ஆகிய இரண்டு கீமோ மருந்துகளும் நரம்பிழைக்குள் சத்துகள் பயணிக்கும் நுண்குழாய்களை முடக்குகின்றன. உடலிலேயே நீளமான நரம்புகள் கால்விரல் வரை செல்பவை என்பதால் பாதிப்பு அங்கேதான் தொடங்கும். இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி மதமதப்பு, ஊசி குத்தல், ராத்திரியில் எரிச்சல், உள்ளங்காலில் துணியைச் சுற்றி வைத்தது போன்ற உணர்வு எல்லாம் இதன் அடையாளங்கள். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்றால் பாதிப்பு முற்றுகிறது என்று அர்த்தம். அடுத்த கீமோ ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மருந்தளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். "சமாளிச்சுக்குறேன்" என்று மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பாக்ளிடாக்செல் ஏறிய ஓரிரு நாளில் தொடையும் கெண்டைக்காலும் அடித்துப்போட்டது போல வலிப்பது வேறு சங்கதி. அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசியாலும் சில நாள் எலும்புவலி வரும்.

நரம்புவலிக்கு டுலாக்செடின் என்ற மாத்திரைக்குத்தான் ஆய்வு ஆதாரம் ஓரளவு வலுவாக இருக்கிறது. வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 60 மி.கி. ஆக்குவார்கள். இது வலியைக் குறைக்கும், மரத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தருவதை எதிர்பார்க்க முடியாது. திடீரென நிறுத்தவும் கூடாது. டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டமாக்சிஃபெனை வேலை செய்யவைக்கும் கல்லீரல் நொதியை டுலாக்செடின் ஓரளவு தடுக்கும்.

"நரம்புச் சத்து" என்ற பெயரில் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதை இங்கே கண்டித்தாக வேண்டும். வைட்டமின் பி6 அளவுக்கு மீறி நாள்பட உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இரண்டு மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு அளவு மீறுவது எளிது. அசிட்டைல் எல் கார்னிடைன் இன்னும் மோசம். 2013இல் வெளியான பெரிய ஆய்வில், டாக்சேன் வகை கீமோ (பாக்ளிடாக்செல், டோசிடாக்செல் இந்த வகைதான்) எடுத்தவர்களில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு 24 வாரத்தில் நரம்புப் பாதிப்பு கூடியிருந்தது.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்செமெஸ்டேன் ஆகியவை உடலில் ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய வற்றச் செய்பவை. காலையில் எழுந்ததும் கணுக்கால், முழங்கால், விரல் மூட்டு எல்லாம் இறுகி நிற்கும், கொஞ்ச தூரம் நடந்தால் இளகும். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் இது தலைகாட்டுவது வழக்கம். இங்கேதான் பெரிய ஆபத்து: வலி பொறுக்காமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டிய மருந்து இது, நோய் திரும்பாமல் காப்பதும் இதுதான். மருத்துவரே சில வாரம் இடைவெளி விட்டு, அதே வகையில் வேறொரு மாத்திரைக்கோ டமாக்சிஃபெனுக்கோ மாற்றிப் பார்ப்பார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டு வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் இறுக்கம் கூடும். வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மூட்டுவலி கடுமை சுமார் 29 சதவீதம் குறைந்ததாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முதல் நாளே அரை மணி நேரம் நடந்து மறுநாள் படுத்துவிட வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் மட்டும் சுரீர் என்றால் அது உள்ளங்கால் சவ்வின் வலி. கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் முட்டியை நோக்கி இழுத்து 10 விநாடி பிடியுங்கள், பத்து முறை. பிறகு சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டி 30 விநாடி, மும்முறை. பின்னங்காலின் பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ கெண்டைக்கால் இழுபடாது. பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கால் சிவந்து எரிந்து தோல் உரியலாம். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே 10 சதவீத யூரியா களிம்பைத் தினமும் தடவலாம். நடக்கச் சிரமமானால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வதுதான் முறை.

சில வலிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரே ஒரு கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். எண்ணெய் தேய்த்து அமுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஆம்புலன்ஸ்தான். முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தண்டுவடம் அழுந்துகிறது என்ற சந்தேகம் வர வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டிராஸ்டுசுமாப், டாக்சோருபிசின் மருந்துகளை எடுத்தவர்கள் இதை மறக்கக் கூடாது. ஓய்விலும் விடாத தொடைவலி, இடுப்புவலிக்கு எக்ஸ்ரேயாவது எடுக்காமல் வலி மாத்திரை மட்டும் எழுதித் தந்தால், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருக்கலாம். எலும்பு வலுவுக்கான ஊசியைப் பல ஆண்டு போட்டவர்களுக்குத் தொடை எலும்பில் அரிதாக விரிசல் விழுவதும் உண்டு.

உணர்ச்சி குறைந்த பாதத்தோடு வாழ்வதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், விரலும் மரத்திருக்கலாம். ஒத்தடப் பை வேண்டவே வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும். தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகாலைப் பிடிக்கும் வார் இருக்க வேண்டும்.

பாதம் சொல்லாததைக் கண் ஈடுகட்டும். அதனால்தான் முகம் கழுவக் கண்ணை மூடிக் குனியும்போது ஆள் தள்ளாடுகிறார். ஒரு கை வாஷ்பேசினைப் பிடித்திருக்கட்டும், கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி சுவரோரம் 10 விநாடி நின்று பழகி, மெல்ல 30 விநாடியாக்குங்கள். பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் பார்க்காமலே கால் பிரித்தறிய வேண்டும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாதவரை சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரு சக்கர வண்டிக்கும் இதே விதிதான்.

இப்படிக்கு,
புற்றுநோய் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்