கொலை செய்தவர் யாரென்று தெரியும், ஏன் என்றுதான் தெரியாது

பிரசார் பாரதியில் தூர்தர்ஷனின் பழைய ஒளிநாடாக்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

1993-ல் 'ப்யோம்கேஷ் பக்‌ஷி' என்ற இந்தித் துப்பறியும் தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமா. டிவியும் அவர் வீட்டில்தான். வாசல்படி வரை பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, நாலு வசனம் தாண்டிய பிறகு ஒரு வசனத்தைத் தமிழில் சொல்வார்.

துப்பறியும் தொடரில் கடைசிப் பத்து நிமிடம் உங்களுக்கே தெரியும். துப்பறிபவர் எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். மாமாவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. "இருடா, இருடா" என்று கையைக் காட்டிவிட்டு அவரே பார்க்க ஆரம்பித்துவிடுவார். போலீஸ் யாரைப் பிடிக்கிறதோ அவர்தான் கொலையாளி என்று எழுந்து வருவோம். ஏன் கொன்றார், ப்யோம்கேஷ் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் எங்கள் சொந்தக் கற்பனை.

ஒரு கதையில் கல்கத்தா வீதியில் நடந்துபோகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். "ஹார்ட் அட்டாக்" என்றார் மாமா. அடுத்தவர் விழுந்தபோதும் அதையேதான் சொன்னார். அது கிராமபோன் ஊசி என்பதும், சைக்கிள் மணிக்குள்ளிருந்து பாய்ந்தது என்பதும் பல வருடம் கழித்து, வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயின் மூலக்கதையைப் பற்றி எங்கோ படித்தபோதுதான் தெரிந்தது. (முப்பது வருடம் ஆகிவிட்டது, இவ்வளவு சொன்னால் தப்பில்லை. ஆள் யாரென்று சொல்ல மாட்டேன்.) வழியில் முள்ளாக இருப்பவரை அகற்ற வேண்டுமானால் சனிக்கிழமை மாலை இன்ன விளக்குக் கம்பத்தில் கை வைத்து நில்லுங்கள் என்று பேப்பரில் வரும் விளம்பரம்தான் கதையின் ஆரம்பமே. அதை நாங்கள் பார்த்தோம். படிக்கத் தெரியவில்லை.

1985-ல் வந்த 'கரம்சந்த்' துப்பறியும் தொடர் இவ்வளவு படுத்தவில்லை. பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடியோடு கேரட்டைக் கடிப்பார், உதவியாளரைப் பார்த்து "ஷட் அப் கிட்டி" என்பார், சிரித்துவிடலாம். ப்யோம்கேஷாக நடித்த ரஜித் கபூரிடம் அந்த மாதிரி எதுவும் கிடையாது. வேட்டி, மெல்லிய குரல், அசையாத பார்வை. துப்பறிவாளர் என்று சொன்னாலே ப்யோம்கேஷுக்குப் பிடிக்காது, 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவர் என்றுதான் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவரின் பேச்சு புரியாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்து ஸ்பான்சர் தொடர்களுக்குப் பதின்மூன்று வாரக் கணக்கில்தானே அனுமதி? இழுக்க இடமில்லை, அதனாலேயே கதை கச்சிதமாக இருந்தது. இயக்குநர் பாசு சாட்டர்ஜி 'ப்யோம்கேஷ்' தொடருக்கு 1993-லும் 1997-லுமாக எடுத்தது மொத்தமே 34 எபிசோடு. இன்றைய மெகா சீரியலுக்கு அது ஒன்றரை மாதத் தீனி.

2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பினீர்கள், நன்றி. உட்கார்ந்து பார்த்தேன். இந்தி அப்போதும் வரவில்லை. மாமாவும் இல்லை.

நான் கேட்பது தமிழ் சப்டைட்டில். டப்பிங் வேண்டாம், ரஜித் கபூரின் குரல் போய்விடும். 34 எபிசோடும் ஒளிபரப்பான வரிசையில், பெயர் ஓடும் பகுதியை வெட்டாமல், உங்கள் 'வேவ்ஸ்' ஓடிடி தளத்தில் வர வேண்டும். அப்புறம் 'கரம்சந்த்', விஜய் ஆனந்த் நடித்த 'தஹ்கிகாத்' என்று ஒவ்வொன்றாக வரட்டும், அவசரமில்லை.

ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் எழுத முடியாதென்றால் அந்தக் கிராமபோன் ஊசிக் கதையை மட்டுமாவது முதலில் போடுங்கள். மாமாவின் பேரன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். அவனையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசல்படியில் உட்கார்ந்து பார்த்த ஒரு நேயர்