கிளவுடுக்கு ஏறாத காலண்டர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்கள் கோப்புகளையெல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சர்வரில், போட்டுவிட்டால் கவலை விட்டது என்று சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் படித்தேன். ஜி.எஸ்.டி. கணக்குக்கு அது சரி. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் எனக்கு ஒத்துவராது. என்னிடம் இருக்கும் டிசைன்கள் 2 டெராபைட். எங்கள் இணைய இணைப்பின் அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட். இரவு பகலாக ஓடினாலும் ஏற்றி முடிக்க 9 நாளுக்கு மேல் ஆகும்.

இரண்டு வருடம் முன்பு, ஆடிப்பெருக்கன்று புது காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியிட்ட கையோடு, ஒரு காலை எந்த டிசைனும் திறக்கவில்லை. வைரஸ் ஒன்று எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறந்துவிட பிட்காயின் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் வைத்திருந்தது. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை அதே சிஸ்டத்தில் எப்போதும் செருகியே வைத்திருந்தோம், அதுவும் போச்சு. பிளேட் போடும் இடத்துக்கு ஓடினேன். அவர்களிடம் இருந்தவை நான்கு கலராகப் பிரித்த கோப்புகள். கடைக்காரரின் போன் நம்பரைக்கூட அதில் மாற்ற முடியாது.

அப்புறம்தான் சொந்தமாக ஒரு சர்வர் அமைத்தோம். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் ரேமை 16 ஜி.பி. ஆக்கி, கோப்புகளைச் சேமிக்கும் சர்வராக அதை மாற்றும் ட்ரூநாஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ஒரே கோப்பு இரண்டிலும் பதியும்படி 4 டெராபைட் டிஸ்க் இரண்டை ஜோடியாகப் போட்டோம். யு.பி.எஸ். உட்பட 35,000 ரூபாய்க்குள் முடிந்தது.

டிஸ்க் ஜோடியாக இருப்பதையே பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். எங்களைக் காப்பது வேறு ஏற்பாடு. டிசைன் சிஸ்டம் எதற்கும் சர்வருக்குள் எழுத அனுமதி கிடையாது. இரவு 9 மணிக்கு சர்வரே வந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளும். தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் அன்று இருந்த நிலையின் பதிவு, 30 நாளுக்கு இருக்கும். வைரஸ் பூட்டிய கோப்பே வந்து சேர்ந்தாலும் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம். சனிக்கிழமைதோறும் மூன்றாவது டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் பேப்பர் குடோன். தீ பிடித்தால் சர்வர் மிஞ்சாது.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் சோதனைக்காக ஒரு பழைய காலண்டரை மீட்டு, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். லட்சுமி படம் பளிச்சென்று வந்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கிறுக்கலாக நின்றன. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய ஃபான்ட்களில் தட்டச்சு செய்தவை அவை; அதே ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் படிக்க முடியாது. ஃபான்ட் ஃபோல்டரை நாங்கள் பேக்கப்பில் சேர்க்கவே இல்லை. நல்லவேளை, டிசைனரிடம் ஒரு பழைய சி.டி. இருந்தது. அடுத்த முறை எழுதும்போது உங்கள் கட்டுரையாளரை இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆஃப்செட் அச்சக உரிமையாளர்,
சிவகாசி