விட்பி மீன் கடையிலிருந்து அப்பாவுக்கு

விட்பி, யார்க்ஷயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நான் வேலை பார்க்கும் பொரித்த மீன் கடைக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று போன வாரம் நீங்கள் போனில் கேட்டபோது, கல்லாவுக்கு முன்னால் வரிசை நின்றதால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தூத்துக்குடியில் நாற்பது வருடம் பஜ்ஜிச் சட்டியின் முன் நின்றவர் நீங்கள். உங்களுக்கு இதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்பதால்தான் விடுமுறை நாள் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விட்பி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் எஸ்க் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சிறிய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடலோடி கேப்டன் குக் இளம் வயதில் கப்பல் தொழில் பழகியதும், அவர் உலகைச் சுற்றிய எண்டெவர் கப்பல் கட்டப்பட்டதும் இந்த ஊரில்தான். குன்றின் மேலிருக்கும் மாதா கோவிலையும் இடிந்த மடத்தையும் பார்க்க 199 படி ஏறி இறங்குகிறவர்கள், இறங்கியதும் தேடுவது பொரித்த மீனும் சிப்ஸும்தான் (இங்கே சிப்ஸ் என்பது தடியாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு). இங்கிலாந்தின் தெற்கே இருப்பவர்கள் காட் என்ற மீனை விரும்பினால், யார்க்ஷயர்காரர்களுக்கு ஹேடாக் என்ற மீன்தான். மைதா மாவைக் கரைத்துக் குளிர்ச்சியாகவே வைத்திருந்து, மீனின் வாலைப் பிடித்து மாவில் தோய்த்து, சட்டியில் நம் பக்கமிருந்து அந்தப் பக்கமாக மெதுவாகப் படுக்க வைப்பார்கள். கொதிக்கிற சட்டியில் பஜ்ஜியைப் போடுவதற்கு நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை. உதிர்ந்து மிதக்கும் மாவுத் துணுக்குகளுக்கு இங்கே ஸ்கிராப்ஸ் என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதத்தை நீட்டி உங்களிடம் தூள் கேட்பது போலவே இங்கும் கேட்கிறார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை.

வருகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் என்னை "லவ்" என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் எனக்குத் திக்கென்றது. நம் ஊரில் பழக்கடைக்காரர் எல்லாரையும் "தாயி" என்பது போன்றதுதான் அது என்று பிறகு புரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முதியவர் வருகிறார். தொண்ணூறைத் தாண்டியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷனில் அளந்து கொடுக்கப்பட்டபோதும் மீனுக்கும் சிப்ஸுக்கும் மட்டும் ரேஷன் இல்லை என்றும், பழைய செய்தித்தாளில் சுற்றித் தந்த அந்தப் பொட்டலத்தின் சூட்டில் கையைச் சூடாக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்ததாகவும் சொல்வார். அவருக்கு உப்பும் வினிகரும் போடவா என்று கேட்கத் தேவையில்லை. கை தானாகவே போட்டுவிடும். வருடத்தில் இரண்டு முறை, தலை முதல் கால் வரை கறுப்பு உடையும் வெளுத்த முகப்பூச்சுமாக ஆயிரக்கணக்கானவர்கள் ஊரில் கூடுவார்கள். கோத் என்ற இசை, உடைப் பாணியின் ரசிகர்களுக்காக 1994இல் தொடங்கிய விழா அது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மழையிலும் முகம் சுளிக்காமல் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான் என்று முதலாளியே சொல்வார்.

விலையைப் பற்றிச் சலித்துக்கொள்பவர்களும் நிறைய. ஒரு மீனும் சிப்ஸும் பத்து பவுண்டைத் தாண்டிவிட்டது. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு சமையல் எண்ணெய் விலையும் எரிவாயுக் கட்டணமும் ஏறின. ரஷ்ய மீனுக்கு அரசாங்கம் கூடுதலாக 35 சதவீத வரி போட்டது. சூடாக விற்கும் உணவுக்கு 20 சதவீத விற்பனை வரியும் உண்டு. இதையெல்லாம் கல்லாவில் நின்று விளக்க முடியாது. "இந்தப் படகில் வந்த மீன்தானே?" என்று துறைமுகத்தைக் காட்டிக் கேட்பவர்களுக்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள படகுகள் கொண்டுவருவது பெரும்பாலும் நண்டும் லாப்ஸ்டரும். எங்கள் ஹேடாக் நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் கடலில் பிடித்த சில மணி நேரத்தில் கப்பலிலேயே உறைய வைக்கப்பட்டு வருவது. சிலருக்கு முகம் வாடும். ஆனால் யாரும் வாங்காமல் போனதில்லை.

கடற்காகங்களைச் சொல்லாமல் விட முடியாது. கிட்டத்தட்ட ஒரு கோழி அளவு இருக்கும். ஒரு நாள் நான்கு வயதுக் குழந்தையின் கையிலிருந்து மீனை அப்படியே கவ்விக்கொண்டு போய்விட்டது. விரலில் கீறல் கூட இல்லை, ஆனாலும் குழந்தை ஏங்கி ஏங்கி அழுதது. நான் புதிதாக ஒரு மீன் கொடுத்தேன். முதலாளி காசு வாங்க வேண்டாம் என்று தலையசைத்தார். பறவையை நேராகக் கண்கொட்டாமல் பார்த்தால் அது நெருங்கத் தயங்கும் என்று 2019இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்ததை, வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிற எல்லாரிடமும் அவர் சொல்லி வருகிறார்.

அப்பா, இனி எழுதப் போவதை நான்கு மாதமாக உங்களிடம் மறைத்துவிட்டேன். இங்கே மீனும் சிப்ஸும் பொரிப்பது எண்ணெயில் அல்ல, மாட்டுக் கொழுப்பில். யார்க்ஷயரில் இது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்; அந்த ருசிக்காகவே தேடி வருகிறார்கள். நான் அதைச் சாப்பிடுவதில்லை. ஆனால் தினமும் அதன் வாடையோடுதான் வீடு திரும்புகிறேன்.

மே மாதத்தில், வயதான குஜராத்தித் தம்பதி இரண்டு பொட்டலம் சிப்ஸ் மட்டும் வாங்கினார்கள். மீன் வேண்டாம் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அந்தப் பெரியவர் மட்டும் திரும்பி வந்தார். சுவரின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த அறிவிப்பை அவர் மனைவி அப்போதுதான் படித்திருக்கிறார். பாதி சாப்பிட்ட பொட்டலத்தை மேடையில் வைத்து, "முன்பே சொல்லியிருக்கலாமே, மகளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோதும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. நம் கடையில் முட்டை போண்டா போட்ட சட்டியில் வாழைக்காய் போடக் கூடாது என்று, கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நீங்கள் இரண்டு சட்டி வைத்திருந்ததுதான் நினைவில் நின்றது.

அதன் பிறகு, சிப்ஸ் மட்டும் கேட்கும் எவரிடமும் கேட்காமல் கொடுப்பதில்லை. ஆகஸ்டில் ஒரு குடும்பம் வந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மா ஒருவர், மருமகளிடம், "வெறும் கிழங்குதானே, அதுல என்ன இருக்கு, வாங்கு" என்று சொல்வது காதில் விழுந்தது. "அம்மா, இது மாட்டுக் கொழுப்புல பொரிச்சது" என்றேன். அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். தமிழைக் கேட்டதில் வந்த மலர்ச்சியும் கேட்ட செய்தியில் வந்த அதிர்ச்சியும் அந்த முகத்தில் ஒன்றாகவே தெரிந்தன. "நல்லவேளை சொன்ன தாயி, நீ எந்த ஊரு?" என்றார். அவர்களுக்குத் திருநெல்வேலி. ஆற்றோரத்தில் தாவர எண்ணெயில், சிப்ஸுக்குத் தனிச் சட்டி வைத்துப் பொரிக்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

ஐந்து பேர் வாங்காமல் போனதை முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடை மூடியதும் கேட்டார். மே மாதத்தில் நடந்ததையும் சேர்த்து அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் மேடையைத் துடைத்தார். மறுநாள் கல்லாவுக்கு நேர் மேலே, மீனின் விலைக்குச் சமமான பெரிய எழுத்தில், எதில் பொரிக்கிறோம் என்று எழுதி மாட்டியிருந்தார்.

பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்; அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கொழுப்பு விஷயத்தை நீங்களே சமயம் பார்த்து அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த வேலையில் நான் தொடர்வதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால், ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள் அப்பா.

அன்புடன்,
உங்கள் மகள்